சாய்மானம்

புருஷனை மேடைமேல் ஏற்றி முடிப்பதற்குள் கனகமணிக்கு அன்றைய பலம் தீர்ந்துபோய்விட்டது. வெயில் இன்னும் சுடக்கூட ஆரம்பிக்கவில்லை. மத்தியானத்துக்குச் சோறாக்க வேண்டும், துணி ஊறிக் கிடக்கிறது, சாயங்காலம் அவரைக் கழுவித் துடைத்துப் படுக்க வைக்க வேண்டும், இதற்கெல்லாம் இனிமேல் பலம் எங்கிருந்து வரப்போகிறது என்று தெரியவில்லை, ஆனால் எங்கிருந்தோ வந்துவிடும், தினமும் வந்து தொலைக்கிறது, அதுதான் கஷ்டமே, ஒருநாளாவது வராமல் இருந்தால் போட்டது போட்டபடி கீழே விழுந்து கிடக்கலாம், யாராவது வந்து தூக்குவார்கள். மரப்பலகைச் சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்ததும் பவானி தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. பவானி என்பது குதிரை. பழுப்பு நிறம், வயசான பெட்டை, ஒரு காலத்தில் ஊட்டியில் பந்தயம் ஓடியதாம், அப்போது அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் ஒன்று இருந்ததாம். ஓட்டம் நின்றபிறகு இந்த டிரஸ்டுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து, காளப்பட்டிக்கு அந்தப்பக்கம் தோட்டத்துக்கு நடுவில் கொட்டகை போட்டுக் கட்டி, கை கால் வராதவர்களை முதுகில் உட்கார்த்தி நடக்கவிட்டு வைத்தியம் பண்ணுகிறார்கள். குதிரைமேல் உட்கார்ந்தால் வாதம் தெளியுமா என்று ஒண்டிப்புதூரில் அவள் தெருவே சிரித்தது. ஒசூரில் கட்டிக்கொடுத்த மகள்தான் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு அப்பா பேரைப் பதிந்து வைத்தாள். பதிந்து வைப்பது சுலபம். ஒசூரில் உட்கார்ந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் பதியலாம்.

"அக்கா, அவசரப்படாதீங்க. பவானி மூச்சு விடட்டும், அப்புறம் தூக்கலாம்," என்றாள் பெனிட்டா. மார்த்தாண்டத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள், எத்தனை பேரைத் தூக்கி இறக்கினாலும் முகம் மாறாதவள். கீழே யூனுஸ் பாய் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் காதுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அவர் மனிதர்களிடம் பேசுவது குறைவு. பெனிட்டாவும் கனகமணியுமாக ஆறுச்சாமியை நாற்காலியிலிருந்து கிளப்பி, வராத வலது காலை மடக்கி மறுபக்கம் தாண்டவைத்து, பவானியின் முதுகில் கட்டியிருந்த தடித்த மெத்தைமேல் இறக்கினார்கள். இறங்கியதும் அவர் ஒரு தடவை அசைந்து உட்கார்ந்து, முன்னால் பார்த்து, "ரைட்," என்றார். யூனுஸ் பாய் சிரித்தார். வாதம் வந்து இரண்டு வருஷத்தில் ஆறுச்சாமிக்கு மிச்சம் இருக்கிற வார்த்தைகளில் அது ஒன்று. ரைட், வரட்டும் வரட்டும், உள்ள போங்க, இவ்வளவுதான். சர்க்கார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர், பல்லடம் வண்டியில் சூலூரைத் தாண்டும்போது டிக்கெட் கிழித்துக்கொண்டே யாரோ ஓர் அம்மாள் மடிமேல் சரிந்து விழுந்தார், எழுந்தபோது பெண்டாட்டி பேர், மகள் பேர், தண்ணி, சோறு எல்லாம் போய்விட்டன, பஸ்ஸில் கத்தியது மட்டும் மிஞ்சியது. பெரிய டாக்டரைப் பார்க்கப் போனபோது அவரையே பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார். டாக்டர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கனகமணி சிரித்தாள், அதற்கப்புறம் எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தால் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

இன்றைக்கு முடிவு தெரியும் நாள். போன வாரமே பெனிட்டா சொல்லிவிட்டாள், இன்றைக்கு வந்ததும் மறுபடி சொன்னாள். மணல் போட்ட நீள மைதானத்தின் நடுவே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். யூனுஸ் பாய் கயிற்றைத் தளர விட்டுவிடுவார், இழுத்துப் பிடிக்கமாட்டார். மேலே உட்கார்ந்திருக்கிறவர் நேராக உட்கார்ந்தால் குதிரை நேராகப் போகும். ஒரு பக்கம் சரிந்தால் எந்தப் பக்கம் பாரம் இறங்குகிறதோ அந்தப் பக்கமாகவே அது காலை வைக்கும், முதுகுமேல் இருக்கிறவர் விழுந்துவிடாமல் பாரத்துக்கு அடியில் தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும், அது அதன் சுபாவம், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "கடைசி வரைக்கும் பவானி கோட்டு மேலயே போச்சுன்னா சார் தொடரலாம்க்கா. இல்லேன்னா நம்ம கையில இல்ல. காத்துக்கிட்டிருக்கவங்க நெறைய, பிரயோசனப்படற ஒருத்தருக்கு எடத்தக் குடுத்தாகணும்." இதுவரை ஒரு தடவையும் பவானி கோட்டில் போனதில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு சனியும் வலப்பக்கம்தான் விலகிப் போயிற்று. வலப்பக்கம் வராத பக்கம், அந்தப்பக்கம்தான் சரிவார், என்ன செய்வது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கூடவே வலப்பக்கமாகக் கனகமணி நடப்பாள். இடப்பக்கம் ஒரு காலேஜ் பெண் வரும், இன்றைக்கு அதற்குப் பரீட்சையாம், பெனிட்டாவே அந்தப்பக்கம் வந்து நின்றுகொண்டாள்.

தோற்றுப்போனால்தான் என்ன, என்று அவளுக்குத் தோன்றியது. தோற்றால் இந்தக் காலைநேர ஓட்டம் மிச்சம். விடிவதற்கு முன்னால் எழுந்து, அவரை எழுப்பி, உட்கார வைத்து, சட்டை மாட்டி, வராத கையை முதலில் விட்டு வருகிற கையை அப்புறம் விட்டு, இல்லையென்றால் சட்டை கிழியும், ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டு, நாற்காலியை மடக்கிக் காலடியில் செருகி, இதெல்லாம் இல்லாமல் செவ்வாய்க்கிழமையைச் செவ்வாய்க்கிழமையாகவே விட்டுவிடலாம். மகளிடம் சொல்லிக்கொள்ளலாம், நாங்க என்ன பண்றது, அவுங்களே வேண்டாம்னுட்டாங்க. நினைத்ததும் நெஞ்சில் ஒரு சுகம் வந்தது, அந்தச் சுகத்துக்குப் பின்னாலேயே ஒரு திகில். ஏனென்றால் வாரம் முழுக்க அவளுக்குச் சகிக்கும்படியாக இருப்பது இந்த அரைமணி நேரம் மட்டும்தான். அது ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே தெளிவாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. குதிரைக்கு வைத்தியம் தெரியும் என்று பெனிட்டா சொல்லுவாள், அது நடக்கிறபோது முதுகு அசைவது மனுஷர் நடக்கிறபோது இடுப்பு அசைவது மாதிரியே இருக்குமாம், மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு தானாக நடந்து பழகுமாம், அதன் உடம்புச் சூட்டில், இறுகிப்போன தொடை நரம்பு இளகுமாம். உண்மைதான், இங்கே வந்துபோன அன்று ராத்திரி அவர் கை கால் வெட்டி இழுக்காமல் தூங்குகிறார். அவர் தூங்கினால் அவளும் தூங்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை.

"ரைட்," என்றார் ஆறுச்சாமி மறுபடியும், பவானி நடக்க ஆரம்பித்தது. கனகமணி எப்போதும் போல இடது கையைத் தூக்கி அவர் தொடைமேல் குறுக்காகப் போட்டு, மெத்தையின் முன்னால் இருக்கிற வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்கச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பிடித்ததும் தோள் அவர் முழங்காலுக்குக் கீழே பவானியின் விலாவில் போய் ஒட்டியது. சூடு. கொட்டகையில் உளுந்தம்பொட்டும் புல்லும் தின்று நின்ற உடம்பின் சூடு புடவைக்குள் இறங்கி எலும்பு வரைக்கும் போயிற்று. உள்ளே பெரிய துருத்தி ஒன்று மெதுவாக ஏறி இறங்கியது. மணலில் குளம்பு அமுங்கும் சத்தம், தோல்வார் தேயும் சத்தம், ஈயை விரட்டுகிற வால் காற்றில் வீசும் சத்தம், இவை தவிர வேறே எதுவும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. அவரை இன்னொரு பக்கம் இன்னொருத்தி பிடித்திருக்கிறாள். கயிறு யூனுஸ் பாயிடம் இருக்கிறது. நடந்துகொண்டே தூங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, அவள் முக்கால்வாசி அப்படித்தான் போவாள். வீட்டில் சுவரில் சாய்ந்தால் சுவர் சில்லென்று இருக்கும், அது சுவர், அதற்கு என்ன தெரியும். மகள் வந்தால் மகள் அழுவாள், அவளைச் சமாதானம் பண்ண வேண்டியிருக்கும். நாத்தனார் வந்தால் "எங்கண்ணன் எப்படி இருந்தவரு" என்று ஆரம்பிப்பாள், அவளுக்குக் காபி போட வேண்டியிருக்கும். யார் வந்தாலும் அவர்களையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. இது ஒன்றுதான் தாங்கிக்கொண்டு சும்மா வருகிறது.

ஆனால் இன்றைக்கு அந்தத் தூக்கம் வரவில்லை. கை வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன, அவள் அந்தக் கையையே பார்த்தாள். இந்தக் கையை அவள் நம்புவதில்லை. போன மாசம் பாத்ரூமில் அவரை ஸ்டூலிலிருந்து எழுப்பினாள், தரையெல்லாம் சோப்புத் தண்ணி, அவர் அவள் கழுத்தில் இடக்கையைப் போட்டுக்கொண்டு முழுப் பாரத்தையும் இறக்கினார், அவள் முதுகில் சுரீரென்றது, அவர் எதுவுமே நடக்காத மாதிரி அவள் காதில் "வரட்டும் வரட்டும்" என்றார். அப்போது ஒரு கண்ணிமைக்கும் நேரம், நிஜமாகவே ஒரு கண்ணிமைக்கும் நேரம்தான், இந்தக் கை அவர் இடுப்பிலிருந்து தளர்ந்தது. வலியால் தளரவில்லை. அதுதான். வலித்ததால் என்று இருந்தால் அவள் மறந்தே போயிருப்பாள். விட்டால் என்ன என்று யாரோ அவளுக்குள்ளே ரொம்ப அமைதியாகக் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, விரல் அதைக் கேட்டுக்கொண்டு தளர்ந்தது. உடனே பிடித்துவிட்டாள். அவர் விழவில்லை. நெற்றி சுவரில் லேசாக இடித்தது, அவ்வளவுதான், தைலம் தேய்த்துவிட்டாள். ஆனால் தளர்ந்தது தளர்ந்ததுதான். இருபத்தேழு வருஷம் ஒரே பாயில் படுத்தவர், அவரை அடிப்பதற்கும் கொல்வதற்கும் அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது, குடிக்காதவர், கை நீட்டாதவர், சம்பள நாளன்று மல்லிகைப்பூவை டிக்கெட் பையில் போட்டு நசுக்கி எடுத்துக்கொண்டு வருகிறவர், அவரைப்போய். அதிலிருந்து கை எதைப் பிடித்தாலும் இறுக்கியே பிடிக்கிறது. சோற்றுக் கரண்டியைக்கூட. அவர் சட்டையை மாட்டும்போது எங்கேயாவது நகம் பட்டுவிட்டால் அன்று முழுக்க அதையே கேட்டுக்கொள்கிறாள், வேண்டுமென்றுதான் செய்தேனோ, வேண்டுமென்றுதான் செய்தேனோ.

"வெலகுது," என்றார் யூனுஸ் பாய் முன்னாலிருந்து. கோடு எங்கேயோ இடப்பக்கம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பவானி வழக்கம்போல வலப்பக்கமாக வந்துவிட்டிருந்தது, கனகமணியின் கால் மணலைத் தாண்டிப் புல்லைத் தொட்டது. பெனிட்டா குதிரையை நிறுத்தச் சொன்னாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆனால் யாரிடமோ போய் எதையோ சொல்ல வேண்டியிருக்கிறவளின் சங்கடம் இருந்தது. "இன்னொரு தடவை பாக்கலாம்க்கா. உங்களுக்குத் தோள்பட்டை வலிக்குதா? கையத் தேச்சுக்கிட்டே இருக்கீங்க."

"நெம்ப இல்லீங்க. இந்த எடது பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்குதுங்க."

"அப்ப நாம பக்கம் மாத்திக்கலாம். நான் அந்தப் பக்கம் வரேன், நீங்க இங்க வாங்க. வலது கையால பிடிச்சுக்கலாம்." பிசியோ சொன்னால் சொன்னதுதான். யூனுஸ் பாய் குதிரையைத் திருப்பி மறுபடியும் கோட்டின் ஆரம்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கனகமணி குதிரையின் தலைக்கு முன்னால் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனாள். அவரை அந்தப்பக்கத்திலிருந்து பார்ப்பது புதுசாக இருந்தது. இந்தப்பக்கத்து முகம் பழைய முகம். வாய் கோணவில்லை, கண் தொங்கவில்லை, காதோரம் நரை மட்டும் கூடியிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப்போல இருந்தார். அவள் சட்டென்று பார்வையை இறக்கிக்கொண்டு, வலது கையைத் தூக்கித் தொடைமேல் போட்டு, வளையத்தைப் பிடித்தாள். தோள் போய் விலாவில் ஒட்டியது. அந்தப்பக்கம் போலவே இந்தப்பக்கமும் சூடாகத்தான் இருந்தது, இருக்காதா பின்னே, ஒரே குதிரைதானே.

இந்தத் தடவை தூக்கம் வந்தது. விட்டதுதான், போனதுதான், இன்றோடு முடிந்தது என்று ஆகிவிட்டதால் வந்ததோ என்னவோ. கடைசித் தடவை சாய்ந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள், செவ்வாய்க்கிழமை இந்த நேரத்துக்கு அடுப்படியில் நிற்போம், இந்த வாசனை மறந்துபோகும், வேர்வையும் புல்லும் தோலும் சேர்ந்த இந்த வாசனையை முதல் நாள் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சகித்தாள், இப்போது புடவையை உடனே நனைத்துப் போட மனசு வருவதில்லை. பவானியை இன்னொருத்தர் வந்து பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், ஓர் அம்மா இருப்பாள், இந்த விலாவில் வந்து ஒட்டிக்கொள்வாள். அவள்மேல் கனகமணிக்கு ஆத்திரமாக வந்தது, முகம் தெரியாத அந்தப் பெண்மேல். பாரம் முழுக்க வலது தோளுக்குள் இறங்கி, கை வழியாக வளையத்தில் தொங்கியது, கால் வெறுமனே கூட நடந்தது. அப்போதுதான் கால் புல்லில் பட்டது.

அவள் கண்ணை அகல விழித்துக் கீழே பார்த்தாள். கோடு வலப்பக்கம் இருந்தது. பவானி இடப்பக்கமாக வந்திருந்தது. இதுவரை ஒரு தடவைகூட அது இடப்பக்கம் வந்ததில்லை. மேலே பார்த்தாள். ஆறுச்சாமி நேராக உட்கார்ந்திருந்தார், நெஞ்சை நிமிர்த்தி, தலைக்கவசம் கொஞ்சம்கூடச் சரியாமல், கோட்டின் கடைசியைப் பார்த்துக்கொண்டு. வராத பக்கம் வலது. அந்தப்பக்கம் பெனிட்டா நிற்கிறாள். இவர் இடப்பக்கம் சரிய என்ன இருக்கிறது. அவள் தன் கையைப் பார்த்தாள், வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்த கையை, அதில் தொங்கிக்கொண்டிருந்த தன்னை. இந்தப் பிராணி யாருடைய பாரம் என்று பேர் கேட்டுக்கொண்டா நடக்கிறது, எந்தப்பக்கம் பாரம் இறங்குகிறதோ அந்தப்பக்கம் காலை வைக்கிறது. இத்தனை செவ்வாயும் இத்தனை சனியும் அது விழவிடாமல் தாங்கிக்கொண்டு போனது யாரை.

அந்தப்பக்கம் பெனிட்டா குதிரையை நிறுத்தச் சொன்னாள். அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் வாயில் வரவில்லை. "இப்ப ரெண்டு பக்கமும் சரியறாரு போல," என்றாள் ரொம்ப மெதுவாக. "பரவால்லக்கா. நம்மளால முடிஞ்சதப் பண்ணிட்டோம். சாருக்கு நான் வீட்டுலயே செய்யற மாதிரி பயிற்சி சொல்லித் தரேன்." கனகமணி வாயைத் திறக்காமல் நின்றால் போதும். தலையாட்டினால் போதும். ஆட்டோக்காரரை எழுப்பி, ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம், இனிமேல் விடியற்காலையில் எழவேண்டாம், குற்றம் அவர் உடம்பினுடையது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாத மனுஷர், அவர்மேல் எதைப் போட்டாலும் நிற்கும். நிற்கும் என்று நினைத்தாள் பாருங்கள், அந்த இடத்தில் மறுபடி அந்தக் குரல் கேட்டது, விட்டால் என்ன, அதே அமைதியாக, அதே சர்க்கரை கேட்கிற குரல்.

"அவரில்லீங்க," என்றாள். "நானுங்க. நாந்தான் தொங்கீட்டு வந்தேன்."

பெனிட்டா குதிரையின் கழுத்தைச் சுற்றி எட்டி அவளைப் பார்த்தாள். கனகமணியின் முகத்தைப் பார்த்தாளா கையைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. "கைய எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்கக்கா," என்றாள். "நான் ஒருத்தி போதும்."

எடு என்று சொல்வது சுலபம். கை எடுக்கமாட்டேன் என்றது. எடுத்தால் அது தளர்வதாகுமா, விடுவதாகுமா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரைக் கேட்பது. பாத்ரூமில் தளர்ந்ததும் இதே மாதிரி ஒவ்வொரு விரலாகத்தானே தளர்ந்தது. இப்போது எடுத்து அவர் விழுந்துவிட்டால், இவ்வளவு உயரத்திலிருந்து, அந்தக் குரல் கேட்டதைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், ஊரே பார்க்க, பெனிட்டா சொல்லித்தான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் காலத்துக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். யூனுஸ் பாய் திரும்பிப் பார்க்கவில்லை, குதிரையும் பார்க்கவில்லை, எல்லாரும் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள், ஈ ஒன்று அவள் மணிக்கட்டில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. அவள் இடது கையால் வலது கையைப் பிடித்து, அது வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி, வளையத்திலிருந்து கழற்றி எடுத்தாள். எடுத்துப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். பின்னால் நகர்ந்து, இன்னும் நகர்ந்து, வேலிக்கம்பு முதுகில் பட்டதும் நின்றாள்.

யூனுஸ் பாய் கோட்டின் ஆரம்பத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக, "ரைட்" என்று அவர் சொல்ல, பவானி கிளம்பியது. கயிறு தொய்ந்து தொங்கியது. பெனிட்டா கூடவே நடந்தாள், அவள் கை அவரைத் தொடாமல் பக்கத்தில் மட்டும் வந்தது. அவர் அசைந்தார். குதிரை ஓர் அடி வைக்கும்போது ஒரு பக்கம், அடுத்த அடிக்கு மறுபக்கம், அசைந்து அசைந்து நடுவுக்கே வந்தார். கனகமணி இதைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதுசில் அவர் வண்டியில் பல்லடத்துக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள், எதையும் பிடித்துக்கொள்ளாமல், பஸ் வளைவில் திரும்ப, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழ, அவர் மட்டும் இடுப்பை ஒரு சீட்டுக் கம்பியில் லேசாக வைத்து, இரண்டு கையாலும் டிக்கெட் கிழித்துச் சில்லறை கொடுத்துக்கொண்டு, விழவே மாட்டார், எப்படீங்க விழாம இருக்கறீங்க என்று கேட்டதற்கு, வண்டி போற போக்குலயே போயிரோணும் புள்ள, எதுத்து நின்னாத்தான் உளுவோம் என்றார். பேர் போயிற்று, சோறு போயிற்று, இது போகவில்லை. பஸ்ஸில் கத்திய வார்த்தையைப்போல இதுவும் அவரிடம் தங்கிவிட்டது போலும். பவானி கோட்டின்மேலேயே போயிற்று. சுண்ணாம்புப் பொடி அதன் குளம்பில் ஒட்டி வெளுத்தது. கடைசி வரைக்கும் போய் நின்றது.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வரவில்லை. முதலில் வந்தது கோபம். அப்படியானால் இத்தனை நாளும் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன், யாருக்காக இந்தத் தோளை ஒடித்துக்கொண்டேன், நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள், சொல்லியிருக்கக்கூடாதா. சொல்ல முடியாது என்று தெரிந்தும் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம். வெட்கத்துக்கும் பின்னால், சோறு வடித்த பானையில் மிச்சம் இருக்கிற சூடு மாதிரி, ஏதோ ஒன்று மெதுவாக வந்தது. அவள் கை எடுக்கப்பட்டது, அவர் விழவில்லை. கை தளர்வது என்பது கொலை இல்லை. அதை அவள் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள், முழுசாக நம்ப முடியவில்லை, கொஞ்சம் நம்ப முடிந்தது.

இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தபோது பெனிட்டாவுக்கு முகமெல்லாம் பல். சார் தொடரலாம், நானே எழுதி அனுப்பிடறேன் என்றாள். "இனிமே நீங்க கூட நடக்க வேண்டாம்க்கா. வந்து விட்டுட்டு அந்தப் புளியமரத்தடியில சேர் போட்டு உக்காருங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. உங்களுக்கும் வேணும்ல." நல்ல மனசோடுதான் சொன்னாள். கனகமணிக்குத் திக்கென்றது. யூனுஸ் பாய் குதிரை முதுகிலிருந்து மெத்தையை அவிழ்த்துக்கொண்டிருந்தார், மெத்தை இருந்த இடம் வேர்வையில் கறுத்து ஆவி பறந்தது.

"சேர்ல உக்காந்தா எனக்கு நெனப்பு வருமுங்க," என்றாள்.

"என்ன நெனப்பு?"

அவள் ஆறுச்சாமியின் தலைக்கவசத்தைக் கழற்றினாள். பெனிட்டா அவருடைய பாதத்தை நாற்காலியின் பலகைமேல் எடுத்து வைத்துக்கொண்டே, பேச்சுப்போக்கில் கேட்கிறவளைப்போல, "ஏன்க்கா அவ்வளவு இறுக்கிப் பிடிச்சீங்க? விழுந்துருவாருன்னு பயமா?" என்றாள்.

"விட்டுருவேன்னு பயமுங்க."

"கை நழுவிருமோன்னா?"

"இல்லீங்க," என்றாள் கனகமணி. "நழுவறது வேறைங்க. நானா விட்டுருவேன்னு."

சொல்லிவிட்டாள். காற்று அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டாரோ கேட்கவில்லையோ, கேட்டிருந்தாலும் அது அவருக்குள் எங்கே போய் நிற்குமோ. பெனிட்டா பாதத்தை வைத்துவிட்டு உடனே எழவில்லை, குந்தியபடியே இருந்தாள், அவள் கண்ணில் திகைப்போ அருவருப்போ வரும் என்று கனகமணி காத்திருந்தாள், வரவில்லை, அல்லது வந்ததை அந்தப் பெண் மறைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அதன் பின்னால் போய் நின்று, கைப்பிடி இரண்டையும் தானே பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன பண்ணணும்க்கா, சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. எனக்கு அதும்மேல சாயோணுமுங்க. கொஞ்ச நேரம். அவரு இல்லாம."

"போங்க. சார் எங்கூட இருப்பாரு."

அவள் மைதானத்தைக் குறுக்காக நடந்தாள். நாற்காலியும் இல்லாமல், தூக்குப்பையும் இல்லாமல், ஒரு கையிலும் ஒன்றும் பிடிக்காமல் நடப்பது எப்படி என்று கால்களுக்கு மறந்துபோயிருந்தது, மணலில் இரண்டு தடவை தடுமாறினாள். யூனுஸ் பாய் ஒன்றும் கேட்காமல் குதிரையைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அந்தப்பக்கம் நகர்ந்துகொண்டார். கனகமணி பவானியின் வெறும் முதுகில் இரண்டு கைகளையும் போட்டு, ஈரத்தில் கன்னத்தை வைத்து, முழங்காலைத் தளரவிட்டாள். பின்னால் ஆறுச்சாமி "ரைட், ரைட்" என்று கூப்பிட்டார், அவளைத்தானோ என்னவோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.